மண்டபம் முதல் மத்தள வரை

மலையக வழித்தடங்கள் – வரலாற்றுத் தொடர்: 17

ரயில் பாதை 1893 இல் அப்புத்தளைக்கு ஏறி வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் பிறகு ஊவாத் தோட்டங்களுக்கு ஆள் வரும் வழி வெகுவாகச் சுருங்கியது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நாட்கணக்கில் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள், கொழும்பில் வண்டியேறி மலையில் இறங்கினார்கள். ஆனால் ரயிலாலும் கப்பலாலும் சுருக்க முடியாத ஒரு பகுதி அந்த வழியில் இருந்தது. நோய் பரவாமலிருக்க அரசாங்கம் பயணிகளை நிறுத்தி வைத்த நாட்கள்தான் அது.

இந்த வாரம் அந்த நாட்களின் கதை. 1897 இல் தொடங்கும் இக்கதை 2022 வரை நீள்கிறது. பெரகலச் சந்தியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களில் இன்று வாழ்கிறவர்களுக்கு இதன் இரண்டு முனைகளிலும் சொந்தம் உண்டு. தாத்தா பாட்டி அக்கரையிலிருந்து வந்தபோது ஒரு முகாமில் காத்திருந்தார்கள். பேத்திகள் வளைகுடா நாடுகளிலிருந்து வீடு திரும்ப முயன்றபோது, முகாமில் இடமில்லாத காரணத்தால் வெளிநாட்டிலேயே காத்திருந்தார்கள்.

இரண்டு காலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. தனிமைப்படுத்தல் விதி நடப்பில் இருக்கும்போது கப்பலோ விமானமோ ஓடுமா என்பதை நோயின் கடுமை மட்டும் முடிவு செய்வதில்லை. காத்திருக்கும் நாட்களின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

பிளேக் வந்த ஆண்டு

1896 செப்டெம்பரில் பம்பாயில் பிளேக் பரவியது. துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு எலியோடும் சரக்கோடும் நகரும் நோய் அது. மறு ஆண்டே இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. இலங்கையில் அதே 1897 இல் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. கப்பலை நிறுத்தவும், பயணியைத் தடுத்து வைக்கவும், ஓர் இடத்தைத் தொற்றுப் பகுதி என அறிவிக்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்த சட்டம் அது.

அதற்கு முன்பும் நோய்ப் பயம் இல்லாமலில்லை. வடக்குப் பாதையில் நடந்து வந்த தொழிலாளர் கூட்டங்களோடு வாந்திபேதியும் பெரியம்மையும் கூடவே வந்தன. வழியோரக் கிராமங்கள் அஞ்சின. வழியில் விழுந்து இறந்தவர்களுக்குச் சரியான கணக்குக் கூட இல்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வடக்குப் பாதை தொழிலாளர்களுக்கு மூடப்பட்டது. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்குவதே ஒரே வழியானது.

இங்கேதான் கப்பல் கம்பெனியின் கணக்குத் தொடங்குகிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. கப்பலில் ஒருவருக்கு நோய் கண்டாலும் மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வெளியே நிற்க வேண்டும். நிற்கும் கப்பலுக்கு வருமானம் கிடையாது. கரி எரியும், மாலுமிக்குச் சம்பளம் ஓடும், அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் சரக்கு கரையிலேயே கிடக்கும். ஆகவே நோயைக் கப்பலில் ஏறுவதற்கு முன்பே வடிகட்ட வேண்டும் என்பது அரசாங்கத்துக்கு எவ்வளவு அவசியமோ, கம்பெனிக்கும் அவ்வளவு அவசியம். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் எழுந்தது. அங்கே நாட்கணக்கில் வைத்துப் பார்த்து, நோயில்லை என்று தெரிந்தவர்களையே கப்பலுக்கு அனுப்பினார்கள். இக்கரையில் ராகமையில் இன்னொரு முகாம். இரண்டுக்கும் நடுவே கப்பல் தடையின்றி ஓடியது.

கழுத்தில் தொங்கிய தகரம்

அந்த நாட்களின் சாப்பாட்டுக்கும் கப்பல் கூலிக்கும் ரயில் கட்டணத்துக்கும் பணம் கொடுத்தது யார்? இதற்கு விடை ஒரு சிறு தகரத் துண்டில் இருக்கிறது.

1901 அளவில் தகர டிக்கெட் முறை நடைமுறைக்கு வந்தது. வட்டமான சிறு தகரத்தில் தோட்ட மாவட்டத்துக்குரிய அடையாளமும் தோட்டத்தின் இலக்கமும் குத்தப்பட்டிருக்கும். ஆள் கட்டுவதற்கு ஊருக்குப் போகும் கங்காணியிடம் துரை இவற்றைக் கொடுத்தனுப்புவார். கங்காணி தான் சேர்த்த ஒவ்வொருவர் கழுத்திலும் ஒன்றைக் கட்டிவிடுவார். முகாம் அதிகாரிக்கு அந்த ஆளின் பேரோ ஊரோ தேவையில்லை. தகரத்தைப் பார்ப்பார், இலக்கத்தைக் குறித்துக்கொள்வார். சோறு, கப்பல், ரயில் எல்லாம் அந்த இலக்கத்தின் கணக்கில் ஏறும். மாத முடிவில் பில் தோட்டத்துக்குப் போகும்.

கையில் காசில்லாத ஒருவர் இராமநாதபுரத்துக் கிராமத்திலிருந்து அப்புத்தளை மலை வரை வந்து சேர இந்தத் தகரம் போதுமானதாக இருந்தது. கப்பல் கம்பெனிக்கும் பணம் உறுதி. அதனால்தான் தனிமைப்படுத்தல் எவ்வளவு கடுமையாக இருந்தபோதும் அந்த வழி அடைபடவில்லை. தேயிலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வழி வேண்டும், வழிக்கான பணத்தைத் தோட்டம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது.

இதை யாரும் தர்மம் என்று எண்ண வேண்டாம். தோட்டம் கட்டிய பணம் கங்காணியின் பேரேட்டில் கடனாக ஏறி, அங்கிருந்து தொழிலாளியின் சம்பளத்தில் பற்றாக இறங்கியது. முகாமில் தின்ற சோற்றுக்கும் சேர்த்துத்தான் அவர் கொழுந்து எடுத்தார். மலையில் கால் வைக்கும்போதே கடனாளி. இந்த அநியாயம் முடிவதற்கு 1923 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் வரவேண்டியிருந்தது. தோட்டங்களிடமிருந்து பணம் திரட்டி ஒரு பொது நிதி உருவானது. ஆள் சேர்க்கும் செலவையும் கொண்டுவரும் செலவையும் அந்த நிதி ஏற்றது. அதைத் தொழிலாளியிடமிருந்து திரும்ப வசூலிக்கக் கூடாது என்றானது. இந்த 1923 ஐ வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் அது மீண்டும் தேவைப்படும்.

மண்டபம் கேம்ப்

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகுச் சேவை தொடங்கியது. தூத்துக்குடிக் கடல்வழியின் இடத்தை இரண்டு ரயில் பாதைகளும் நடுவே ஒரு சிறு கடலும் பிடித்துக்கொண்டன.

முகாமும் இடம் மாறியது. பாலத்துக்கு இந்தியப் பெருநிலப் பக்கத்தில், மண்டபத்தில், மதராஸ் மாகாணத்து மண்ணிலேயே இலங்கை அரசாங்கம் தன் சொந்த முகாமை நடத்தியது. அயல்நாட்டு மண்ணில் தன் தனிமைப்படுத்தலை நடத்திவிட்டு, சுத்தமென்று கண்டவர்களை மட்டும் தன் கரையில் இறக்கும் ஏற்பாடு. கொவிட் காலத்தில் விமானம் ஏறுமுன் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டதும் இதே யோசனைதான்.

ரயில் மண்டபம் கேம்ப் நிலையத்தில் நின்றதும் தோட்டத்துக்குப் போகிறவர்களை இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். உடுத்திருந்த துணியும் மூட்டைத் துணியும் ஆவியில் வேகப் போகும். குளிக்க வேண்டும். அம்மை குத்துவார்கள். பின்னாட்களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து குடிக்கக் கொடுத்தார்கள். குடும்பம் குடும்பமாகக் கொட்டகைகளில் ஐந்தாறு நாள் இருக்க வேண்டும். மருத்துவர் பார்த்து விட்ட பிறகே தனுஷ்கோடிக்கு வண்டி. உயர் வகுப்புப் பெட்டியில் வந்தவர்களுக்கு இந்தக் கொட்டகை வாசம் கிடையாது. மருத்துவரின் பார்வையோடு அவர்கள் நேரே படகேறிப் போனார்கள். ஒரே நோய், ஒரே கடல். விதி மட்டும் சீட்டின் விலைக்கு ஏற்ப இரண்டு விதமாக இருந்தது.

தென்னிந்திய ரயில்வேயின் படகுச் சேவை அட்டவணைப்படி ஓட முடிந்ததற்கு இந்த முகாமே காரணம். படகை நிறுத்தி வைக்கும் ஆபத்து முகாமிலேயே தீர்ந்துவிட்டது. காத்திருந்தது படகல்ல, மனிதர்கள்.

தியத்தலாவையில் பதினான்கு நாள்

ஒரு நூற்றாண்டைத் தாண்டி வருவோம். பெரகலவிலிருந்து அப்புத்தளைக்கு ஏறி, சற்று இறங்கினால் தியத்தலாவ இராணுவ முகாம். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட சுமார் 5,000 போயர் கைதிகளை 1900 இல் பிரித்தானியர் கொண்டுவந்து அடைத்த மலை அது. ராகமையும் போயர் கைதிகளின் முகாமாகவும் தோட்டத் தொழிலாளர்களின் முகாமாகவும் இருந்தது. தடுத்து வைப்பதற்கு ஒரு தடவை பழகிய இடத்தை அரசாங்கங்கள் எளிதில் கைவிடுவதில்லை.

2020 பெப்ரவரி 1 ஆம் திகதி, சீனாவின் வுஹானிலிருந்து 33 இலங்கை மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீலங்கன் விமானம் ஒன்று மத்தளவில் இறங்கியது. ஜனநெரிசலான கட்டுநாயக்கவைத் தவிர்த்து, அம்பாந்தோட்டைச் சமவெளியில் வெறுமையாகக் கிடந்த விமான நிலையத்தைத் தேர்ந்தார்கள். அங்கிருந்து மாணவர்களைத் தியத்தலாவைக்குக் கொண்டுவந்து 14 நாள் தனியே வைத்தார்கள். அனைவரும் நலமாக வீடு போனார்கள். நாட்டின் முதல் கொவிட் தனிமைப்படுத்தல் நம் மலையில்தான் நடந்தது. விமானம், முகாம், உணவு, மருத்துவர் எல்லாவற்றுக்கும் அரசு பொறுப்பேற்று ஒழுங்கு செய்தால் வழி எவ்வளவு விரைவாகத் திறக்கும் என்பதற்கு இதுவே சான்று.

பாதி வழி விமானம்

மார்ச் 19 ஆம் திகதி நாட்டுக்குள் வரும் பயணிகளுக்கு விமான நிலையங்கள் மூடப்பட்டன. கொவிட் காலத் தனிமைப்படுத்தல் விதிகளுக்கு அடிப்படையாக இருந்தது அதே 1897 ஆம் ஆண்டுச் சட்டம். கப்பலை மனத்தில் வைத்து எழுதியது 123 ஆண்டுகள் கழித்து விமானப் பயணிக்கும் பொருந்தியது.

மூடல் ஒரு பக்கத்துக்குத்தான். வெளியே போகிறவர்களை ஏற்றிச் செல்லலாம், சரக்கு வரலாம் போகலாம், உள்ளே பயணி இறங்கக் கூடாது. ஒரு விமானக் கம்பெனிக்கு இது என்ன கணக்கு? ஆளில்லாமல் வந்து ஆளோடு திரும்ப வேண்டும். இரண்டு நடைக்கான எரிபொருளும் ஊழியர் செலவும் ஒரு நடைப் பயணியின் சீட்டில் ஏறும். சீட்டு விலை ஏறியது. சேவைகள் பெரும்பாலும் நின்றன. எஞ்சியவற்றைச் சரக்குக் கட்டணமே தாங்கியது. உலகம் முழுவதும் இதே நிலை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி 2020 இல் சர்வதேசப் பயணிகள் போக்குவரத்து முந்தைய ஆண்டைவிட 75.6 வீதம் சரிந்தது.

அந்த நாட்களில் ஊரடங்கிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. பெரட்டு நடந்தது, கொழுந்து நிறுக்கப்பட்டது, தொழிற்சாலை ஓடியது. 2020 ஏப்ரலில் கொழும்புத் தேயிலை ஏலம் வரலாற்றில் முதன்முறையாக இணையவழிக்கு மாறியது. தேயிலைக்கு வழி கண்டுபிடிக்க ஒரு மாதம் கூடத் தேவைப்படவில்லை. அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாவாக இருந்த அந்த லயங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வீட்டுவேலைக்குப் போயிருந்த பெண்களுக்கு அந்த வேகத்தில் வழி பிறக்கவில்லை.

கட்டில் கணக்கு

ஏப்ரல் இறுதியில் மீட்பு விமானங்கள் தொடங்கின. பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் இருந்த மாணவர்கள் முதலில் வந்தார்கள். குவைத் அரசு அறிவித்த பொதுமன்னிப்பில் மே மாதம் தொழிலாளர்கள் வந்தபோது, அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. அச்சம் கூடியது. விமானத்தில் எத்தனை இருக்கை என்ற கேள்வி பின்னுக்குப் போய், முகாமில் எத்தனை கட்டில் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

கட்டில்கள் இரண்டு வகை. இராணுவம் நடத்திய மையங்களில் கட்டணம் இல்லை, ஆனால் இடம் குறைவு. விடுதிகளில் இடம் இருந்தது, ஆனால் கட்டணம் பயணியுடையது. வெளிநாட்டு அமைச்சின் பட்டியலில் பெயர் ஏறிப் பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். விடுதிக்குப் பணம் கட்ட முடிந்தவர் முன்னே போனார். வேலை முடிந்து, விசா முடிந்து, சம்பளப் பாக்கியோடு நின்ற வீட்டுப் பணிப்பெண் பின்னே நின்றார். மண்டபத்தில் உயர் வகுப்புப் பயணிக்கும் கொட்டகைப் பயணிக்கும் இருந்த அதே இடைவெளி மறுபடியும் விழுந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அன்று ஏழைக்கு முகாம் கட்டாயம், கொவிட் காலத்தில் ஏழைக்கு முகாமே எட்டவில்லை.

ஓகஸ்ட் 1 இல் விமான நிலையம் திறக்கும் என்று அரசு முதலில் அறிவித்தது. அது தள்ளிப்போனது. டிசம்பர் 28 இல் உக்ரைன் சுற்றுலாப் பயணிகளின் வாடகை விமானம் மத்தளவில் இறங்கியது. குறிப்பிட்ட விடுதிகள், குறிப்பிட்ட பஸ்கள், குறித்த நாளில் பரிசோதனை என்று ஒரு தனி வளையம் அமைத்து அவர்களை நாடு காட்டினார்கள். 2021 ஜனவரி 21 இல் விமான நிலையங்கள் முறையாகத் திறந்தன. சுற்றுலாவால் வாழும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது தேவைதான். அதில் குறை காண நான் விரும்பவில்லை. ஆனால் அந்நியப் பயணிக்கு வளையம் அமைக்கத் தெரிந்த ஓர் அரசுக்குத் தன் தொழிலாளிக்கு இன்னும் சில ஆயிரம் கட்டில் போடத் தெரியாமல் போயிருக்காது.

மே மாதத்துக்குள் மூன்றாவது அலை எழுந்தது. மே 21 முதல் 31 வரை வருகை நிறுத்தப்பட்டது. ஜூன் 1 முதல் ஒரு விமானத்தில் 75 பயணிகளுக்கு மேல் வரக் கூடாது என்றார்கள். 300 இருக்கை கொண்ட விமானத்தில் நான்கில் ஒரு பங்கு. எரிபொருளும் விமானியின் சம்பளமும் தரையிறங்கும் கட்டணமும் 300 பேருக்கானதுதான். கம்பெனிகள் செய்யக்கூடியது மூன்று: சீட்டு விலையை ஏற்றுவது, சரக்கை நம்பி ஓடுவது, ஓடாமல் விடுவது. மூன்றும் நடந்தன. குறைந்த விலைச் சீட்டு வைத்திருந்தவர்களே மூன்றிலும் பின்தள்ளப்பட்டார்கள். அடுத்து ஜூலை 1 முதல் 13 வரை, முந்தைய 14 நாட்களில் ஆறு வளைகுடா நாடுகளில் இருந்தவர்களுக்கு நுழைவு இல்லை என்றானது. சீட்டு வாங்கி, பெட்டி கட்டி, வேலை கொடுத்தவர் வீட்டை விட்டு வெளியேறிய பெண்களுக்கு அந்தப் பதின்மூன்று நாள் எப்படிப் போயிருக்கும் என்பதை மலையகத்தின் பல வீடுகள் அறியும்.

விமானக் கம்பெனி எதைப் பார்க்கிறது

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 2020 ஜூன் 8 இல் பிரித்தானியா வருகிறவர்களுக்கெல்லாம் 14 நாள் தனிமைப்படுத்தல் விதித்தபோது, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், ஈஸிஜெட், ரயன்எயார் மூன்றும் நீதிமன்றம் போயின. அவுஸ்திரேலியா வருகையாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தபோது, அதிக விலைச் சீட்டுக்காரர்கள் முன்னே ஏற, சாதாரண வகுப்புப் பயணிகள் மாதக்கணக்கில் வெளிநாட்டில் தேங்கினார்கள். ஹொங்கொங் 2021 பெப்ரவரியில் விமான ஊழியர்களுக்கே 14 நாள் தனிமை விதித்தது. கதே பசிபிக் நிறுவனம் தன் பயணிகள் சேவையைச் சுமார் 60 வீதம் குறைக்க வேண்டியிருக்கும் என்று சொன்னது. ஒரு நடை போய் வந்த விமானி இரண்டு வாரம் அறையில் இருந்தால், அதே அட்டவணையை ஓட்டப் பல மடங்கு ஊழியர் வேண்டும்.

விமானக் கம்பெனி பார்ப்பது நான்கு விடயங்கள். பயணி தனிமையில் இருக்கும் நாட்கள் எத்தனை, அந்தச் செலவு யாருடையது, ஊழியருக்கு விலக்கு உண்டா, விதி எத்தனை மாதம் மாறாமல் நிற்கும். கடைசியாகச் சொன்னது மற்ற மூன்றுக்கும் குறைந்ததல்ல. மாதங்களுக்கு முன்பே சீட்டு விற்கும் தொழில் அது. கடுமையான விதியோடும் கணக்குப் போடலாம், நாளைக்கு மாறும் விதியோடு கணக்குப் போட முடியாது. தடுப்பூசிக்குப் பின் இலங்கையின் விதிகள் தளர்ந்து நிலைத்தபோது கம்பெனிகள் தாமாகவே வந்தன. 2021 நவம்பரில் எயார் பிரான்ஸும் ஏரோஃபுளொட்டும் கொழும்புக்குப் பறக்கத் தொடங்கின. 2022 மார்ச் 1 முதல் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்களுக்குப் பயணத்துக்கு முந்தைய பரிசோதனையும் வேண்டாம் என்றானது. அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

இனி என்ன

அடுத்த தொற்றுநோய் வராது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அது வரும்போது எடுப்பதற்கு அதே 1897 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தடுத்து வைக்கும் அதிகாரம் அதில் தாராளமாக உண்டு. தடுத்து வைக்கப்படுகிறவரின் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதைத் தொழிலாளியின் பக்கம் நின்று சொல்லும் ஏற்பாடுதான் வேண்டும். வேலைக்காக வெளிநாடு போகும் ஒவ்வொருவரிடமிருந்தும் பதிவுக் கட்டணம் வாங்கும் அரசு, அதிலிருந்து ஒரு நிதியைச் சட்டப்படி ஒதுக்கி வைக்க முடியும். திரும்பி வரும் தொழிலாளியின் முகாம் செலவையும் விமானச் சீட்டின் கூடுதல் விலையையும் அந்த நிதி ஏற்றால், எந்தக் கம்பெனியும் அவரை ஏற்ற மறுக்காது. தகர டிக்கெட்டை நம்பிக் கப்பல் ஓடிய வழியில் வந்தவர்கள் நாம். பணம் உறுதியான இடத்துக்கு வண்டி வரும் என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

அந்நிய ஆட்சியில், தோட்டத்துரைகளின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலத்தில், பயணச் செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றக் கூடாது என்று 1923 இல் சட்டம் வந்தது. சுதந்திர நாட்டில், 2020 இல், அந்த மலையின் பேத்திகளுக்கு அதே பாதுகாப்பு இல்லை. தொழிற்சங்கங்களும் நம் மக்கள் பிரதிநிதிகளும் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் கொடுக்க வேண்டும். அடுத்த தடவை விமான நிலையக் கதவு மூடுவதற்கு முன்னரே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

(தொடரும்)